டிராக்டரின் ஹைட்ராலிக் சக்தியும் வரிசை விதைப்புக் கருவியும்

வரிசை விதைப்புக் கருவி வாங்கக் கருதும் விவசாயி பெரும்பாலும் முதலில் விசாரிப்பது, தம்மிடமுள்ள டிராக்டரின் குதிரைசக்தி அக்கருவியை இழுக்கப் போதுமா என்பதேயாகும். இவ்வினா தவறன்று; ஆயினும் அது மட்டும் போதாது. பண்படுத்திய நிலத்தில் நான்கு வரிசை விதைப்புக் கருவியை இழுப்பது கலப்பையை இழுப்பதினும் எளிது. கடினமாவது, விதையும் உரமும் நிரம்பிய கருவியை நிலத்தினின்று உயர்த்துவதும், வரப்பேறும்போது தாங்கி நிற்பதும், விதையைப் பற்றியிழுக்கும் விசிறியை ஒரே வேகத்தில் ஓட்டுவதுமாம். இவற்றுள் முதலிரண்டையும், சில கருவிகளில் மூன்றாவதையும், செய்வது டிராக்டரிலுள்ள ஹைட்ராலிக் எண்ணெய். அதன் அளவறியாது கருவி வாங்கியவர், விதைப்புப் பருவம் வந்தபின் அதனை அறிய நேரிடும். அப்பொழுது அறிவதால் பயன் சிறிதே.

நஷ்டம் எத்தகையதென்பதை மக்காச்சோளத்தைக்கொண்டு உணரலாம். வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. என்ற இடைவெளியில் ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 27,000 செடிகள் நிற்கவேண்டும். பத்து விதைக்கு ஒன்று தவறினால் 2,700 செடிகள் குறையும். அவ்விடங்களுக்கும் உழவுக்கூலியும் உரமும் களையெடுப்பும் செலவாகியே தீரும். கதிர் மட்டும் வாராது. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் மானாவாரிக் கரிசலில், மழைக்குப்பின் விதைப்பதற்கேற்ற பதம் நிற்கும் நாட்கள் மிகச் சில. அச்சில நாட்களில் கருவி சரிவர இயங்காது நின்றால் மறுமுறை விதைக்கப் பருவம் காத்திராது.

அழுத்தமும் ஓட்டமும்

ஹைட்ராலிக் சக்தி என்பது இரண்டு அளவுகளாலாவது: ஒன்று எண்ணெயின் அழுத்தம்; மற்றொன்று அதன் ஓட்டம். கிணற்றுப் பம்புசெட்டை ஆள்பவர்க்கு இவ்வேற்றுமை புதிதன்று. தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பது ஒன்று; நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணீர் வாய்க்காலில் விழுகிறது என்பது வேறு. அவ்வாறே, எண்ணெயின் அழுத்தம் எவ்வளவு பாரத்தைத் தூக்க முடியும் என்பதை நிர்ணயிக்கும். ஓட்டம் எவ்வளவு விரைவில் தூக்கும், எவ்வளவு வேகத்தில் மோட்டாரைச் சுழற்றும் என்பதை நிர்ணயிக்கும். அழுத்தம் பார் என்னும் அளவால் குறிக்கப்படும். 1 பார் என்பது ஒரு சதுர செ.மீ. பரப்பின்மேல் ஏறக்குறைய 1 கிலோ பாரம் அழுத்துவதற்கு ஒப்பாகும். ஓட்டம் நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர் எனக் குறிக்கப்படும்.

8 செ.மீ. விட்டமுள்ள சிலிண்டரின் பிஸ்டன் ஏறக்குறைய 50 சதுர செ.மீ. பரப்புடையது. அதன்மேல் 150 பார் அழுத்தமுள்ள எண்ணெய் பாய்ந்தால் 7,500 கிலோ விசை பிறக்கும். ஆயினும் டிராக்டரின் பின்புறக் கைகள் 7,500 கிலோவைத் தூக்கமாட்டா. பிஸ்டன் நகரும் தூரம் சிறிது. கைகளின் நுனி நகரும் தூரம் பெரிது. நுனி ஐந்து பங்கு தூரம் நகர்ந்தால் விசை ஐந்திலொரு பங்காகி, 1,500 கிலோ அளவில் நிற்கும். நெம்புகோலின் நியாயம் இதுவே.

இவ்வேற்பாடு பரவுவதற்கு முன்பு கருவிகள் டிராக்டருக்குப் பின்னால் சங்கிலியாலோ கொக்கியாலோ கட்டியிழுக்கப்பட்டன. அயர்லாந்து தேசத்தவரான ஹாரி பெர்குசன் என்பார், கருவியை மூன்று முனைகளில் டிராக்டரோடு பிணைத்து எண்ணெயழுத்தத்தால் ஏற்றியிறக்கும் முறையை உருவாக்கினார். 1936-ஆம் ஆண்டில் அம்முறையமைந்த டிராக்டர் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. 1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்டு கம்பெனியார் அதனைத் தம் டிராக்டரில் அமைத்தனர். இன்று நம் நாட்டில் ஓடும் டிராக்டர்களின் மும்முனை இணைப்பு அதன் வழிவந்ததேயாம்.

முதற் கணக்கு: தூக்கும் பாரம்

டிராக்டரின் விளம்பரத்தில் தூக்குசக்தி 1,500 கிலோ என்று காணப்படுமாயின், அது எவ்விடத்தில் அளக்கப்பட்டது என்று கேட்டறிதல் வேண்டும். பெரும்பாலும் அது கீழ்க்கைகளின் நுனியில் அளந்த எண்ணாகவே இருக்கும். ஆனால் விதைப்புக் கருவியின் பாரம் நுனியில் அமைவதில்லை. அதன் சட்டம், விதைப்பெட்டி, உரப்பெட்டி, கொழு, மண்மூடும் சக்கரம் ஆகியவை நுனிக்கும் பின்னால் நீண்டு நிற்பவை. பாரத்தின் மையம் பின்தள்ளப் பின்தள்ளத் தூக்கும் ஆற்றல் குறைவதே பெரும்பான்மை. இதுபற்றியே டிராக்டர் பரிசோதனைகளில் நுனியில் ஓரளவும், நுனிக்கு 61 செ.மீ. பின்னால் மற்றோரளவும் எடுக்கின்றனர். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னுமிடத்திலுள்ள மத்திய அரசின் பரிசோதனை நிலையம் டிராக்டர்களை இவ்வாறு சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாகாணம், விற்பனையாளர் கூறுவதும் டிராக்டர் செய்வதும் ஒத்திருக்கவேண்டுமென்று 1919-ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றி, 1920 முதல் சோதனைகளை நடத்திவருகிறது. இவ்வறிக்கைகளில் காணும் இரண்டாவது எண்ணே விதைப்புக் கருவி வாங்குவோர்க்கு உரியது.

உதாரணமாக, நுனியில் 1,500 கிலோவும், 61 செ.மீ. பின்னால் 1,100 கிலோவும் தூக்கவல்ல டிராக்டர் ஒன்று இருப்பதாகக் கொள்க. வாங்கக் கருதும் கருவியின் எடை 600 கிலோ. விதையும் உரமும் 200 கிலோ. ஆக மொத்தம் 800 கிலோ. மேடுபள்ளத்தில் கருவி குலுங்குவதற்காக நாலிலொரு பங்கு சேர்த்தால் 1,000 கிலோ ஆகும். பாரத்தின் மையம் 61 செ.மீ. தூரத்துக்குள் அமைந்திருந்தால் இந்த டிராக்டர் அதனைத் தூக்கும். அதற்கும் பின்னால் அமைந்திருந்தால் ஐயத்துக்கிடமுண்டு. வெறுங்கருவியின் எடையை மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது. எடையில் ஐயமிருப்பின், பெட்டிகளை நிரப்பிய கருவியை எடைமேடையில் நிறுத்துப் பார்ப்பது நலம்.

இரண்டாவது கணக்கு: முன் சக்கரத்தின் பாரம்

எண்ணெய் தூக்கிவிட்டது என்பதனால் டிராக்டர் தாங்கிவிட்டது என்று கொள்ளலாகாது. பின்னால் தொங்கும் பாரம் பின்னச்சைத் தானமாகக்கொண்டு டிராக்டரின் முகத்தை மேலே நெம்புகிறது. முன் சக்கரம் தரையை அழுத்தாதபோது ஸ்டீயரிங் வேலை செய்யாது. வரப்பேறும்போதும், வாய்க்கால் கரையில் திரும்பும்போதும் டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து உயிர்ச்சேதம் நேரிடுவதற்கும் இடமுண்டு.

இக்கணக்கு கடினமன்று. கருவியின் எடையை, பின்னச்சிலிருந்து கருவியின் பாரமையம் வரையுள்ள தூரத்தால் பெருக்கி, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையேயுள்ள தூரத்தால் வகுத்தால், முன் சக்கரத்தினின்று குறையும் பாரம் கிடைக்கும். மேற்கூறிய 800 கிலோ கருவியின் மையம் பின்னச்சுக்கு 1.6 மீட்டர் பின்னால் இருப்பதாகவும், இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 2 மீட்டர் எனவும் கொண்டால், குறையும் பாரம் 640 கிலோ. டிராக்டரின் மொத்த எடை 2,000 கிலோவாகவும், அதில் முன்னச்சின்மேல் 800 கிலோவாகவும் இருந்தால், கருவியைத் தூக்கியபின் முன்னச்சில் எஞ்சுவது 160 கிலோ மட்டுமே.

டிராக்டரின் எடையில் ஐந்திலொரு பங்காவது எப்பொழுதும் முன்னச்சின்மேல் இருக்கவேண்டுமென்பது பொது விதி. இவ்வுதாரணத்தில் அது 400 கிலோ. ஆகவே 240 கிலோ குறைகிறது. முன்னச்சுக்கு 70 செ.மீ. முன்னால் இரும்பு எடைக்கட்டிகளை மாட்டினால், ஒவ்வொரு கிலோவும் முன்னச்சில் 1.35 கிலோவாகப் பயன்படும். எனவே 180 கிலோ எடைக்கட்டி மாட்டினால் குறை நீங்கும். எடைக்கட்டிகள் தாங்கும் சட்டமும் முன்னச்சும் அப்பாரத்துக்கு ஏற்றவையா என்பதை டிராக்டரின் கையேட்டில் பார்த்தறிக. எடைக்கட்டியில்லாமல், ஆளொருவரை டிராக்டரின் முகப்பில் ஏற்றி உட்காரவைத்துச் சமன்செய்யும் வழக்கம் சிற்சில இடங்களில் உண்டு. இது முற்றிலும் விலக்கத்தக்கது.

மூன்றாவது கணக்கு: எண்ணெயின் ஓட்டம்

விதையைத் தட்டின் பள்ளங்களில் ஏந்தி விடும் எளிய கருவிகளுக்குச் சக்கரத்தின் சுழற்சியே போதும். அவற்றுக்கு எண்ணெய் வேண்டுவது ஏற்றியிறக்குவதற்கு மட்டுமே. காற்றுறிஞ்சும் கருவிகளின் நிலை வேறு. இவற்றில் துளையுள்ள தட்டு ஒன்று சுழல்கிறது. விசிறியொன்று மறுபக்கத்துக் காற்றை உறிஞ்ச, ஒவ்வொரு துளையிலும் ஒவ்வொரு விதை ஒட்டிக்கொண்டு வந்து, உறிஞ்சுதல் அற்ற இடத்தில் கீழே விழுகிறது. உறிஞ்சு சக்தி குறைந்தால் விதை துளையில் நில்லாது முன்னதாகவே உதிர்ந்துவிடும். மிகுந்தால் ஒரு துளையில் இரண்டு விதை ஒட்டும். விசிறியின் வேகம் பத்திலொரு பங்கு குறைந்தால் உறிஞ்சு சக்தி ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறையும் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. வேகத்தில் சிறு குறையும் பயிரில் பெருங்குறையாவது இதனாலேயே.

நம் நாட்டில் விற்கப்படும் கருவிகள் பலவற்றில் விசிறியைச் சுழற்றுவது டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு. நிமிஷத்துக்கு 540 சுற்று என்னும் வேகம், என்ஜின் குறிப்பிட்ட வேகத்தில் ஓடும்போதுதான் கிட்டும். அவ்வேகத்தை விட்டுக் குறைவாக ஓட்டினால் விசிறியும் தளரும். வேறு சில கருவிகளில், குறிப்பாக வெளிநாட்டிலிருந்து வரும் பெரிய கருவிகளில், விசிறியைச் சுழற்றுவது ஹைட்ராலிக் மோட்டார். அத்தகைய கருவி வாங்குவோர் ஓட்டக் கணக்கை அவசியம் செய்யவேண்டும்.

நிமிஷத்துக்குப் பாயும் லிட்டரை, பார் அழுத்தத்தால் பெருக்கி, 600-ஆல் வகுத்தால் எண்ணெய் சுமக்கும் சக்தி கிலோவாட்டில் கிடைக்கும். விசிறி மோட்டாருக்கு 120 பார் அழுத்தத்தில் 30 லிட்டர் வேண்டுமென்று கருவியின் கையேடு கூறினால், அது 6 கிலோவாட். அதாவது ஏறக்குறைய 8 குதிரைசக்தி. டிராக்டரின் பம்பு 40 லிட்டர் தரும் என விளம்பரத்தில் காணப்பட்டால், போதுமென்றே தோன்றும். ஆனால் அந்த 40 லிட்டர் என்பது என்ஜின் தன் முழு வேகமாகிய 2,000 சுற்றில் ஓடும்போது கிடைப்பது. விதைக்கும்போது 1,500 சுற்றில் ஓட்டினால் பம்பு தருவது 30 லிட்டரே. மிச்சம் ஒன்றுமில்லை. பம்பு பழசாகித் தேய்ந்திருப்பின் அவ்வளவும் கிட்டாது. நாலிலொரு பங்கு மிகுதி வேண்டுமென்பது நல்ல விதி. அதன்படி, விதைக்கும் வேகத்திலேயே 37 அல்லது 38 லிட்டர் தரவல்ல பம்பு வேண்டும்.

இதனோடு முடிவதில்லை. வயலின் கடையில் திரும்பும்போது கருவியைத் தூக்கவேண்டும். அடுத்த ஓட்டத்துக்குக் கோடிடும் மார்க்கர் கையை மடக்கவேண்டும். சாதாரணப் பல்சக்கரப் பம்பு உள்ள டிராக்டர்களில் இவ்வேலைகளுக்கெல்லாம் ஒரே எண்ணெய் பங்கிடப்படுமானால், தூக்கும் நேரத்தில் விசிறிக்கு எண்ணெய் குறையும். தட்டில் ஒட்டியிருந்த விதைகள் உதிரும். கருவியை மீண்டும் இறக்கி ஓட்டத் தொடங்கியபின் விசிறி வேகமெடுக்க இரண்டு விநாடி ஆகுமென்று வைத்துக்கொண்டால், மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் டிராக்டர் 2.8 மீட்டர் கடந்துவிடும். அத்தூரத்தில் வரிசைக்கு 11 விதை. நான்கு வரிசைக்கு 44 விதை விடுபடும். 80 மீட்டர் நீளமுள்ள வயலில் ஏக்கருக்கு 21 ஓட்டம். விடுபடும் செடிகள் ஏறக்குறைய 900. வயல் குறுகக் குறுக இந்நஷ்டம் பெருகும். சிறு வயல்களே மிகுந்த நம் கிராமங்களில் இது கவனிக்கற்பாலது.

இத்தகைய இடையூற்றை நீக்கவே, வேண்டும்போது வேண்டுமளவு எண்ணெயைத் தரும் வேறுவகைப் பம்புகள் தோன்றின. அமெரிக்காவின் ஜான் டியர் கம்பெனியார் 1960-ஆம் ஆண்டில் வெளியிட்ட டிராக்டர்களில் அம்முறை இடம்பெற்றது. நம் நாட்டு நடுத்தர டிராக்டர்கள் பலவற்றில் பல்சக்கரப் பம்பே உள்ளது. ஆகையால் விசிறிக்கு முதற்பங்கு எண்ணெய் தரும் வால்வு டிராக்டரில் உண்டா, அன்றி ஏற்றியிறக்குவதற்கெனத் தனிப் பம்பு உண்டா என்பதை வாங்குமுன் வினவியறிதல் வேண்டும்.

திரும்பும் எண்ணெயும் சூடும்

மோட்டாருக்குச் செல்லும் குழாயைப்போலவே, அங்கிருந்து திரும்பும் குழாயும் கவனத்துக்குரியது. விசிறி மோட்டாரின் எண்ணெய், அழுத்தத் தடையின்றி நேரே தொட்டிக்குத் திரும்பவேண்டும். மோட்டாரின் உள்ளே கசியும் எண்ணெயை வெளியேற்றும் சிறு குழாய் இருப்பின், அதுவும் அழுத்தமற்ற வழியில் தொட்டியைச் சேரவேண்டும். அதனை ஏதேனும் ஒரு வால்வில் செருகி அடைத்துவிட்டால் தண்டின் சீல் பிதுங்கி மோட்டார் கெடும்.

பயன்படாத எண்ணெய் சக்தி எங்கும் போவதில்லை; சூடாகவே மாறும். நிமிஷத்துக்கு 10 லிட்டர் எண்ணெய் 180 பார் அழுத்தத்தில் பாதுகாப்பு வால்வின் வழியே வீணே திரும்புமாயின், 3 கிலோவாட் வெப்பம் எண்ணெயில் ஏறும். சூடேறிய எண்ணெய் இளகும். இளகிய எண்ணெய் பம்பிலும் வால்விலும் கசியும். கசிவால் ஓட்டம் மேலும் குறையும். காலையில் நன்றாக விதைத்த கருவி பிற்பகலில் விதை தவறவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பல டிராக்டர்களில் ஹைட்ராலிக்குக்கும் கியர்ப்பெட்டிக்கும் ஒரே எண்ணெய்தான். ஆதலால் இணைப்புக் குழாய்களின் வாயில் படிந்த மண்ணைத் துடையாமல் செருகினால் அம்மண் கியர்ப்பெட்டிவரை செல்லும்.

சக்தி போதாதபோது பாதுகாப்பு வால்வைத் திருகி அழுத்தத்தை உயர்த்துவது பரிகாரமன்று. அதனால் குழாய் வெடிக்கலாம். வார்ப்பிரும்பு உறை பிளக்கலாம். கசிவு எங்கேயெனக் கையால் தடவிப் பார்ப்பதும் ஆபத்து. மயிரிழையளவு துளையினின்று பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். புண் சிறிதாகத் தோன்றினும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். அட்டைத்துண்டு ஒன்றை அருகில் காட்டிக் கசிவைக் கண்டுபிடிப்பதே தக்க முறை. தூக்கி நிறுத்திய கருவியின் அடியில் யாரும் புகலாகாது.

பணம் கொடுக்குமுன் செய்யவேண்டிய சோதனை

கருவியைத் தம் டிராக்டரில் மாட்டி, பெட்டிகளை நிரப்பி, தம் வயலிலேயே சோதித்துப் பார்க்க விவசாயி வற்புறுத்தலாம். முதலில் எண்ணெய் சூடேறும்வரை அரைமணி நேரம் ஓட்டுக. பின்னர்க் கருவி தடையின்றி முழு உயரம் ஏறுகிறதா, தூக்கி நிறுத்தியபின் தானாகத் தாழ்கிறதா, தூக்கிய நிலையில் ஸ்டீயரிங் சரியாகத் திரும்புகிறதா என்பவற்றை மெதுவாக ஓட்டிப் பார்க்கவேண்டும். காற்றுறிஞ்சும் கருவியாயின் உறிஞ்சு சக்தி காட்டும் மானியைக் கவனித்துக்கொண்டே கருவியை ஏற்றியிறக்குக. முள் சிறிது அசைந்து உடனே நிலைக்குத் திரும்பினால் நலம். தாழ்ந்து நின்றால் எண்ணெய் போதாது. இறுதியாக நான்கு வரிசையிலும் மண்ணை விலக்கி விதைகளை எண்ணுக. 10 மீட்டர் வரிசையில் 40 விதை இருக்கவேண்டும். வயலின் நடுவில் மட்டுமன்றி, ஓட்டம் தொடங்கும் இடத்திலும் எண்ணுவது முக்கியம்.

டிராக்டர் போதாதெனத் தெரியவந்தால் வேறு டிராக்டர் வாங்குவது ஒன்றே வழியன்று. நான்கு வரிசைக்குப் பதிலாக மூன்று அல்லது இரண்டு வரிசைக் கருவி கொள்ளலாம். ஹைட்ராலிக் விசிறிக்குப் பதிலாக பி.டி.ஓ. விசிறியுள்ளதைத் தேரலாம். பி.டி.ஓ. தண்டால் ஓடும் பம்பும் தனித் தொட்டியும் உடைய கருவியும் உண்டு. சொந்தச் சக்கரத்தில் உருண்டுவரும் கருவியாயின் டிராக்டரின் கைகளுக்குப் பாரம் குறையும். ஆனால் திரும்புவதற்கு இடம் அதிகம் வேண்டும். உரப்பெட்டியைப் பாதியளவே நிரப்பி அடிக்கடி நிரப்பிக்கொள்வதும் சில இடங்களில் போதும்.

கூட்டாகக் கருவி வாங்கும் விவசாயிகள் குழுக்களுக்கும், வாடகைக் கருவி நிலையங்களுக்கும் பரிந்துரை செய்யும் கிராம அதிகாரிகள், டிராக்டரின் குதிரைசக்தியை மட்டும் குறித்தனுப்பாமல், 61 செ.மீ. பின்னால் உள்ள தூக்குசக்தி, முன்னச்சின் பாரம், விதைக்கும் வேகத்தில் எண்ணெயின் ஓட்டம் ஆகிய மூன்று எண்களையும் குறித்தனுப்புவார்களாயின், பொருந்தாத கருவி கிராமத்துக்கு வந்து கொட்டகையில் துருப்பிடிப்பது பெரிதும் தவிரும். வாடகைக்கு விடும் கருவி பல டிராக்டர்களில் மாட்டப்படுவதால், அம்மூன்று தேவைகளையும் கருவியின் சட்டத்திலேயே வண்ணத்தால் எழுதிவைப்பது யாவர்க்கும் உபயோகமாகும். இக்கணக்குகளுக்கு அரைமணி நேரமும் ஒரு துண்டுக் காகிதமும் போதும். செய்யாது விட்டால் இழக்க நேர்வது ஒரு பருவத்து மகசூலாகும்.